பாலும் சர்க்கரையும் இல்லாமல் டீயில் என்ன மிச்சம் இருக்கும்? ஆர்மீனியர்களின் டீப் பழக்கம் பற்றி ஒரு விரிவான பதில்

கேட்டவர் எழுதியிருப்பது இது: தினமும் நான்கு பால் டீ குடிக்கிறார். ஆர்மீனியத் தலைநகர் யெரவானில் மருத்துவம் படிக்கும் அவருடைய தம்பி, அங்கே பால் சேர்க்காமல், ஏதேதோ மலைச்செடியைப் போட்டு, பக்கத்தில் ஜாம் வைத்துக்கொண்டு டீ குடிக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறான். அது ஆர்மீனியர்களின் பழைய பழக்கமா, நம் வீட்டிலும் தினமும் அப்படிக் குடிக்கலாமா, உடம்புக்கு நல்லதா, தம்பி ஊருக்கு வரும்போது என்ன வாங்கி வரச் சொல்வது என்று நான்கு கேள்வி. எனக்குப் படுவது, நான்குக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: பாலையும் சர்க்கரையையும் எடுத்துவிட்டால் டீயில் ருசிக்க என்ன மிச்சம் இருக்கும்? நிறையவே இருக்கும். ஆனால் இப்போது வீட்டில் இருக்கும் டீத்தூளை வைத்துக்கொண்டு அது நடக்காது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் பழக்கத்தைப் பற்றி. ஆர்மீனியாவின் அன்றாடப் பானம் காபி. வீட்டுக்கு யார் வந்தாலும், ஜஸ்வே என்ற நீண்ட பிடி வைத்த சின்னப் பாத்திரத்தில் மாவுபோல் அரைத்த காபித்தூளைப் போட்டு, நுரை எழும்பி வரும்போது இறக்கி, வண்டலோடு சின்னக் கோப்பையில் ஊற்றித் தருவார்கள். குடித்து முடித்ததும் கோப்பையைக் கவிழ்த்து வைத்து வண்டலில் குறி பார்ப்பதும் உண்டு. விருந்தோம்பலின் அடையாளம் அதுதான். டீக்கு அதற்கு அடுத்த இடம்: காலையில் ரொட்டி, வெண்ணெய், உப்புப் பாலாடைக்கட்டியோடு சேர்த்து ஒரு கோப்பை, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்போடு உட்கார்ந்து பேசும்போது, சளி பிடித்தால், பனிக்காலத்தில். ஆகவே “ஆர்மீனியர்கள் நாள் முழுக்க மூலிகை டீதான் குடிக்கிறார்கள்” என்று யாராவது சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அங்கே தேயிலை விளைவதும் இல்லை. தேயிலைச் செடிக்குப் பிஎச் 4.5 முதல் 5.5 வரையிலான அமில மண்ணும், ஆண்டுக்கு ஏறத்தாழ 1200 மி.மீ. மழையும் வேண்டும். அரராத் சமவெளியில் 300 மி.மீ. பெய்வதே பெரிய பாடு. பக்கத்து நாடான ஜார்ஜியாவின் கருங்கடல் ஓரத்திலும், அஜர்பைஜானின் லென்கொரான் பகுதியிலும் ஈரம் இருப்பதால் அங்கெல்லாம் தேயிலைத் தோட்டம் உண்டு. ஆர்மீனியாவுக்குக் கறுப்புத் தேயிலை வந்தது பாரசீக வழியாகவும் ரஷ்ய வழியாகவும். 1828இல் துருக்மன்சாய் உடன்படிக்கையால் யெரவான் ரஷ்யப் பேரரசின் கைக்குப் போன பிறகு, சமோவரும் அதன் கூடவே வரும் பழக்கங்களும் வேரூன்றின. சோவியத் காலத்தில் சாதாரணமாகக் கிடைத்தது ஜார்ஜியத் தேயிலை. இயந்திரத்தால் இலை வெட்டத் தொடங்கியபின் காம்பும் முற்றிய இலையும் கலந்து அதன் தரம் இறங்கிவிட, யானைப் படம் போட்ட இந்தியத் தேயிலைப் பாக்கெட்டுக்குச் சோவியத் ஒன்றியம் முழுக்கத் தனி மவுசு இருந்தது. இன்று கடைகளில் இலங்கைத் தேயிலை தாராளமாகக் கிடைக்கிறது. தம்பி அங்கே குடிக்கும் டீ நுவரெலியாப் பக்கத்து இலையாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை.

சமோவர் என்றதும் அருங்காட்சியகப் பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். நடுவில் ஒரு குழாய், அதற்குள் கரியோ பைன் காயோ எரியும், சுற்றிலும் தண்ணீர், கீழே ஒரு குழாய்த்திருகு: நம்மூர்ப் பழைய டீக்கடைப் பித்தளை பாய்லரின் அதே அமைப்புதான். அதன் தலைமேல் சின்ன டீப்பானை உட்கார்ந்து சூடாகவே இருக்கும். ஆர்மீனியாவில் இன்றும் சமோவர் டீக்குப் பேர்போனது, லோரி மாகாணத்தில் வனட்சோருக்கும் திலிஜானுக்கும் நடுவில் இருக்கும் ஃபியோலெத்தோவோ, லெர்மொந்தோவோ என்ற கிராமங்கள். அந்த டீக்குச் சொந்தக்காரர்கள் ஆர்மீனியர்கள் கிடையாது. 1830களில் தொடங்கி ரஷ்யப் பேரரசு காகசஸுக்கு அனுப்பிவைத்த மொலோகான் என்ற ரஷ்யச் சமயப் பிரிவினர். மது அவர்களுக்கு ஆகாது. கல்யாணம், துக்கம், பிரார்த்தனை எதுவானாலும் மேசையில் சமோவர்தான் நிற்கும்.

கறுப்புத் தேயிலை இப்படி வெளியிலிருந்து வந்தது என்றால், மலைச்செடிகளைக் கொதிநீரில் ஊறவைத்துக் குடிப்பது அதைவிட மிகப் பழையது. 15ஆம் நூற்றாண்டு மருத்துவர் அமிர்தோவ்லத் அமாசியாத்சி போன்றவர்கள் செடிகொடிகளின் பயனை விரிவாக எழுதிவைத்திருக்கிறார்கள்; அந்தக் காலத்து மருத்துவச் சுவடிகள் யெரவானில் மத்தெனதரான் சுவடிக் காப்பகத்தில் இருக்கின்றன. இன்றும் வீடுகளில் முதலிடம் உர்த்ஸுக்கு, அதாவது காட்டுத் தைமுக்கு. ஜூன், ஜூலையில் மலைச்சரிவில் ஊதாப் பூ பூக்கும் நேரத்தில் பூவோடு சேர்த்துக் கிள்ளி, கட்டுக்கட்டாக நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். வெயிலில் போட்டால் வாசனை எண்ணெய் பறந்து வைக்கோல் மட்டும்தான் மிஞ்சும். அதற்கடுத்து அனானுக் என்ற புதினா, பிறகு ரோஜா இனத்துக் காட்டுச்செடியின் சிவந்த காயான மாசூர், சாமந்தி இனத்துக் கெமோமில், லிண்டன் பூ. தம்பி சொன்ன “ஏதேதோ செடி” பெரும்பாலும் இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும்.

ஆர்மீனியாவுக்கு வெளியே இருப்பவர்களின் பழக்கம் வேறு. ஈரானில் இஸ்ஃபஹான் பக்கத்துப் புதிய ஜுல்ஃபாவில் 1600களின் தொடக்கத்தில் குடியேற்றப்பட்ட ஆர்மீனியர்களின் வழிவந்தவர்கள் ஈரானியர்களைப் போலவே கண்ணாடிக் குவளையில் கறுப்பு டீ குடிப்பவர்கள். அந்த ஜுல்ஃபா வணிகர்களின் கிளைதான் சென்னைக்கும் வந்தது. அரண்மனைக்காரன் தெருவில் 1772இல் எழுந்த ஆர்மீனியத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. அதனால் நம்மூர் டீக்கும் அவர்களுக்கும் தொடர்பு உண்டு என்று யாராவது கதை கட்டினால் நம்பாதீர்கள். அவர்கள் செய்தது துணி, ரத்தின வியாபாரம். நீலகிரியில் வணிகத் தோட்டங்கள் வந்ததே 1850களுக்குப் பிறகுதான்.

இனி செய்முறை. நம் வீடுகளில் இருப்பது சிடிசி முறையில் நசுக்கி உருட்டிய தூள், அதிலும் டஸ்ட் ரகம். பாலின் கொழுப்பையும் சர்க்கரையையும் தாண்டி நிறமும் கடுப்பும் தெரிய வேண்டும் என்பதற்காகவே உருவான சரக்கு அது. அதைப் பால் இல்லாமல் குடித்தால் நாக்கு வரண்டு இழுக்கும். “பிளாக் டீ எனக்கு ஒத்துக்கொள்ளாது” என்று முடிவு கட்டிவிடுவீர்கள். வாங்க வேண்டியது ஆர்த்தடாக்ஸ் முறையில் சுருட்டிய முழு இலை அல்லது உடைந்த இலை. நீலகிரி ஆர்த்தடாக்ஸ், இலங்கையின் டிம்புல, நுவரெலியா எல்லாமே பொருந்தும். கடைக்காரர் “லீஃப் டீ” என்று எடுத்துத் தருவது சில நேரம் பருமனான சிடிசி உருண்டையாக இருக்கும். பாக்கெட்டைக் குலுக்கிப் பாருங்கள்: குட்டிக் குட்டிக் குருணையாக ஓடினால் சிடிசி, முறுக்கிய கறுப்பு நூல் துண்டுகள் போலத் தெரிந்தால் ஆர்த்தடாக்ஸ்.

ரஷ்ய வழியில் வந்த முறைக்கு ஸவார்க்கா என்று பெயர். கெட்டியான டிக்காஷன் ஒன்று தயார் செய்து, கோப்பையில் கொஞ்சம் ஊற்றி, மிச்சத்தைக் கொதிநீரால் நிரப்புவது. ஃபில்டர் காபி போடத் தெரிந்த வீட்டுக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. நான்கு கோப்பைக்கு 10 கிராம் இலை, அதாவது தலைதட்டிய ஐந்து டீஸ்பூன்; இலை பெரிதாக இருந்தால் ஆறு. பீங்கான் டீப்பானையைக் கொதிநீர் ஊற்றி அலசிச் சூடாக்குங்கள். சூடாக்காத பானையில் ஊற்றினால் தண்ணீர் உடனே பத்து டிகிரிபோல் இறங்கி, இலை சரியாக இறங்காது. இலையைப் போட்டு, தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் 250 மி.லி. ஊற்றி, மூடி, மேலே ஒரு துண்டைப் போர்த்தி 5 நிமிடம் வையுங்கள். கோப்பைக்கு 50 மி.லி. டிக்காஷன், 150 மி.லி. கொதிநீர். வீட்டில் ஒருவருக்குக் கடுப்பாகவும் ஒருவருக்கு லேசாகவும் ஒரே பானையிலிருந்து தரலாம் என்பதுதான் இந்த முறையின் பெரிய வசதி. இதைவிடக் கெட்டியாகப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். தேயிலைச் சுவைஞர்கள் 100 மி.லி.க்கு 2 கிராம் போட்டு 6 நிமிடம் ஊறவைப்பது குறை கண்டுபிடிப்பதற்காக. ருசித்துக் குடிப்பதற்காக இல்லை.

இதில் கெட்டுப்போவது இரண்டு இடத்தில். ஒன்று, டிக்காஷனை அடுப்பில் வைத்து மறுபடி கொதிக்கவிடுவது. அப்போது கசப்பு முழுக்க இறங்கும், மணம் ஆவியாகப் போய்விடும். இரண்டு, காலையில் போட்டதை ராத்திரி வரை வைத்திருப்பது. ஆறும்போது கஃபீனும் தேயிலையின் நிறப்பொருள்களும் ஒன்றோடொன்று சேர்ந்து கலங்கலாகப் படியும். அது கேடு கிடையாது, கொதிநீர் ஊற்றியதும் தெளிந்துவிடும். ஆனால் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் காற்றில் இருந்தால் சுவை மங்கிக் குழம்பிப்போகும். அதைக் கொட்டிவிடுவது நல்லது. போர்வெல் தண்ணீரில் போட்டு மேலே எண்ணெய்ப் படலம்போல் ஒன்று மிதந்தால் இலையைக் குறை சொல்லாதீர்கள். தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து தேயிலைப் பொருள்களோடு சேர்ந்து படரும் ஆடை அது. வடிகட்டிய குடிதண்ணீருக்கு மாறினால் போய்விடும். உயரத்தையும் கவனிக்க வேண்டும்: 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி இறங்கும். யெரவானில் தண்ணீர் 97 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுகிறது, செவான் ஏரிக்கரையில் 94க்குள். சென்னையில் 5 நிமிடத்தில் இறங்குவதற்கு ஊட்டியில் ஒரு நிமிடம் கூடுதலாக விட வேண்டும்.

தைம் சேர்ப்பதானால், மேலே சொன்ன பானையில் இலையோடு அரை டீஸ்பூன் போதும். தைமை மட்டும் தனியாகக் குடிக்க 200 மி.லி.க்கு ஒரு டீஸ்பூன், மூடிவைத்து 5 முதல் 7 நிமிடம். மூடி கட்டாயம். அதன் மணமே தைமால், கார்வக்ரால் என்ற ஆவியாகும் எண்ணெய்கள்தான். திறந்து வைத்தால் வீடு மணக்கும், கோப்பையில் ஒன்றும் இருக்காது. பத்து நிமிடம் தாண்டினால் கஷாய நெடி வந்துவிடும். நம் ஓமத்திலும் கற்பூரவல்லியிலும் இருப்பது இதே வகை எண்ணெய்கள் என்பதால் மூக்குக்கு அந்நியமாக இருக்காது. சூப்பர் மார்க்கெட்டில் மசாலா வரிசையில் காய்ந்த தைம் கிடைக்கும். ஆர்மீனிய மலைத்தைம் வேறு இனம், மணத்தில் சின்ன வித்தியாசம் உண்டு, ஆனால் தொடங்குவதற்கு இது போதும். பீட்ஸாவோடு வரும் சின்னப் பாக்கெட்டை மட்டும் தொடாதீர்கள், அதில் உப்பும் பூண்டும் மிளகாயும் கலந்திருக்கும். புதினா என்றால் பச்சையாக ஆறேழு இலை கிள்ளிப் போட்டால் சரி. மாசூருக்கு வேறு முறை: ஒரு மேசைக்கரண்டி காய்ந்த காயை இடித்து, ஃபிளாஸ்க்கில் அரை லிட்டர் கொதிநீர் ஊற்றி இரவு முழுக்க விட வேண்டும். குடிக்குமுன் துணியில் வடிகட்டுங்கள். விதையைச் சுற்றியுள்ள மெல்லிய ரோமம் தொண்டையில் அரிக்கும். அதில் வைட்டமின் சி நிறைய என்பது பச்சைக்காய்க்குப் பொருந்தும். காய்வதிலும் சூட்டிலும் ஒரு பங்கு போய்விடும்.

இனிப்பு விஷயத்துக்கு வருவோம். பால் டீக்காரர்கள் தடுமாறும் இடம் இது, அந்த மேசையின் சுவாரசியமும் இதில்தான். அங்கே பலர் இனிப்பைக் கோப்பைக்குள் போடாமல் வெளியே வைத்துக்கொள்கிறார்கள்: சர்க்கரைக் கட்டியைக் கடித்துக்கொண்டு ஒரு மடக்கு, அல்லது முரப்பா என்ற, பாகில் ஊறிய பழத்தைச் சின்னக் கரண்டியில் நக்கிக்கொண்டு ஒரு மடக்கு. யாழ்ப்பாணத்தில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன் டீ குடித்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. நாக்கில் இனிப்பு இருக்கும்போது கடுப்பு மட்டுப்படும், கோப்பையில் டீயின் மணம் கெடாமல் இருக்கும். கூடவே கதா என்ற, மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் உதிர்த்த பூரணம் வைத்த இனிப்பு ரொட்டியோ, வால்நட் கோத்த நூலைத் திராட்சைப் பாகில் தோய்த்துக் காயவைத்த இனிப்புச் சுஜுக்கோ இருக்கலாம்.

முரப்பாவைக் கடை ஜாமாக நினைக்கக் கூடாது. பழம் குழையாமல், தெளிந்த பாகில் முழுசாக மிதக்க வேண்டும். ஆப்ரிகாட்டுக்கு வீட்டு முறை: கிலோவுக்கு 800 கிராம் முதல் ஒரு கிலோ சர்க்கரை தூவி இரவு முழுக்க விட்டு, ஊறிய சாற்றோடு 5 நிமிடம் மட்டும் கொதிக்கவைத்து இறக்கி, எட்டு மணி நேரம் ஆறவிட்டு, இதையே மூன்று தடவை செய்வது. ஒரே மூச்சில் அரைமணி கொதிக்கவிட்டால் பழம் கரைந்து ஜாமாகிவிடும். இடையில் ஆறும்போதுதான் பாகு பழத்துக்குள் ஏறுகிறது. மிகப் புகழ்பெற்றது பச்சை வால்நட் முரப்பா. ஓடு கெட்டிப்படுமுன், ஊசி குத்தினால் ஊடுருவும் பருவத்தில் பறித்து, கையுறை போட்டுத் தோல் சீவி (இல்லாவிட்டால் விரல் வாரக்கணக்கில் கறுப்பாக இருக்கும்), தினம் தண்ணீர் மாற்றிப் பல நாள் ஊறவைத்துக் கசப்பை எடுத்து, ஒருநாள் சுண்ணாம்புத் தெளிநீரில் போடுவார்கள். சுண்ணாம்பு, காயின் சதையைப் பிணைக்கும் பெக்டின் என்ற பொருளைப் பிடித்து இறுக்குவதால் பாகில் எவ்வளவு வெந்தாலும் காய் குழையாமல் கெட்டியாகவே இருக்கும். நன்றாக அலசாவிட்டால் சுண்ணாம்புச் சுவை தட்டும். பிறகு கிராம்பு, பட்டை, ஏலக்காய் போட்ட பாகில் சில நாள் விட்டுவிட்டுக் கொதிக்கவைத்தால், பளபளவென்று கறுத்த முழுக்காயாகத் திரண்டு வரும். நமக்குப் பச்சை வால்நட் கிடைக்காது. கொடைக்கானல் பிளம்ஸ் சீசனில் ஆப்ரிகாட் முறையை அப்படியே செய்யலாம். புளிப்பு இருப்பதால் டீயோடு நன்றாகவே சேரும்.

உடம்புக்கு நல்லதா என்ற கேள்வியில், உறுதியானதையும் நம்பிக்கையையும் பிரித்துச் சொல்கிறேன். உறுதியானவை: கறுப்பு டீ ஒரு கோப்பையில் சுமார் 40 முதல் 50 மில்லிகிராம் கஃபீன்; ஆரோக்கியமான பெரியவருக்கு நாளுக்கு 400, கர்ப்பிணிக்கு 200 மில்லிகிராம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. அதனால் நான்கு கோப்பை பலருக்கும் பிரச்சினை இல்லை. சாப்பாட்டோடு குடித்தால் கீரை, பருப்பிலிருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேருவது குறையும். ரத்தசோகை இருப்பவர்கள் ஒரு மணி நேரம் இடைவெளி விடுவது நல்லது. தைம், புதினா, மாசூரில் கஃபீன் இல்லை, அதனால் ராத்திரி டீக்கு அவையே பொருத்தம். நம்பிக்கை என்ற அளவில் நிற்பவை: தைம் டீ ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், மாசூர் சளியைத் தீர்க்கும் என்பன. தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். மருந்துக்குப் பதிலாக எடுக்க வேண்டாம். முரப்பாவைச் சர்க்கரை இல்லாத டீ என்ற கணக்கில் சேர்க்காதீர்கள்: பாகோடு கும்பாச்சியாக எடுத்த ஒரு டீஸ்பூனில் எட்டுப் பத்துக் கிராம் சர்க்கரை இருக்கிறது. நான்கு பால் டீக்குப் பதில் நான்கு முரப்பா டீ என்றால் சர்க்கரைக் கணக்கில் லாபம் ஏதுமில்லை. முரப்பாவை ராத்திரிக் கோப்பைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பியிடம் சொல்ல வேண்டியது: யெரவானில் கும் சந்தையில் உர்த்ஸும் முரப்பாவும் கிடைக்கும். கட்டாகக் கட்டி வைத்திருக்கும் செடியை விரலால் தேய்த்து முகர்ந்து பார்க்கட்டும். பச்சைச் சாயல் இருந்து மணம் உடனே ஏறினால் இந்த வருடத்துச் சரக்கு, பழுப்பேறிக் குச்சியாக இருந்தால் பழசு. விமானத்தில் கொண்டுவர, கட்டுச்செடியைவிட லேபிள் ஒட்டி மூடிய பாக்கெட் தொல்லை குறைவு. பாகுள்ள முரப்பா பாட்டில் கைப்பையில் செல்லாது, சூட்கேஸில் துணி சுற்றி வைக்க வேண்டும். தேயிலை வாங்கி வர வேண்டாம், அதை நாம்தான் விளைவிக்கிறோம். பல செடி கலந்த பாக்கெட் என்றால், ஆரெவ்குரிக் என்ற மஞ்சள் பூச்செடி, ஆங்கிலத்தில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், அதில் இருக்கிறதா என்று லேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள். அது ஈரலின் நொதிகளைத் தூண்டி, கருத்தடை மாத்திரை, வார்ஃபரின், உறுப்புமாற்று நோயாளிகள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் முதலான மருந்துகளின் வேலையைக் குறைத்துவிடும்; மனச்சோர்வு மருந்தோடு சேர்ந்தால் வேறு வகை ஆபத்து. வீட்டில் யாராவது தினமும் மாத்திரை எடுப்பவர் என்றால், அந்த மருந்துச் சீட்டைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இங்கே எழுதும் நான் சொல்ல முடியாது. தைமும் புதினாவும் தனித்தனியாக இருக்கும் பாக்கெட்டே போதும்.